நன்மை செய்து களைத்துப்போனால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பொருளா?

பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமியாரைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறீர்கள். சபையில் யாருக்கு என்ன உதவி தேவைப்பட்டாலும் முதலில் உங்களையே அழைக்கிறார்கள். இப்போது சலிப்பும் எரிச்சலுமே மிஞ்சியிருக்கின்றன. "நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக" என்ற கலாத்தியர் 6:9 உங்களைக் குற்றவாளியாக்குவதுபோல் இருப்பதாகவும், உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இல்லை, சகோதரி. உங்களுக்குக் குறைந்திருப்பது தூக்கமும் துணையும் என்றே நான் நினைக்கிறேன்.

கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டுகிறார். அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அப்போதும் கடிந்துகொள்ளுதல் இல்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போதுதான், போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று தூதன் சொல்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, அவர் உண்டு உறங்கி, நாற்பது நாள் நடந்து ஓரேப் பர்வதத்தை அடைந்த பிறகே வருகிறது. அங்கேயும் அவரைத் தனியாக விடாமல், எலிசாவை அவருடைய ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம்பண்ணும்படி கர்த்தர் சொல்கிறார்; அந்த எலிசா அவரைப் பின்பற்றி அவருக்கு ஊழியஞ்செய்தான். களைத்தவரிடம் கணக்குக் கேட்பதற்கு முன் அவருக்கு அப்பம் கொடுக்கிறவர் நம் தேவன் என்பதை நீங்கள் நம்பவேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட வசனத்தையும் அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் எழுதுகிறார். அந்த நிருபம் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதப்பட்டது; ஒரு வீட்டு மருமகள் தனியாக நின்று நிறைவேற்றும்படி கொடுக்கப்பட்ட கட்டளை அல்ல அது. அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில், இஸ்ரவேலர் ஜெயிக்கும்படி உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகளும் அசந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவரும் அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, சூரியன் அஸ்தமிக்கும்வரை இருபுறமும் அவர் கைகளைத் தாங்கினார்கள். "ஜெபித்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் இந்தப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கவேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறைவைத்துப் போனார்கள். நானும் போனேன். முதல் நாள் அந்த மருமகள் வெகுநேரம் வாசற்படியை விட்டு நகரவில்லை. கஞ்சி கொடுக்கும்போது புரையேறாமல் இருக்கத் தலையை எவ்வளவு உயர்த்தவேண்டும், படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், முதுகுக்குப் பின்னால் தலையணையை எங்கே முட்டுக் கொடுக்கவேண்டும் என்றெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, அடுத்த அறையில் போய்ப் படுத்தவர் மாலைவரை எழுந்திருக்கவில்லை. அவருடைய விசுவாசத்தைப் பற்றி எங்களில் ஒருவரும் பேசவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டோம், மதியச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கொண்டுவந்து வைத்தோம், அவ்வளவுதான்.

நன்றி கிடைக்காத வருத்தத்தையும் எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் பாவமல்ல. குணமான குஷ்டரோகிகள் பத்துப்பேரில் ஒருவனே திரும்பிவந்தபோது, மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று இயேசுவே கேட்டார். ஆனால் அந்த ஒன்பதுபேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மாமியாரால் இப்போது நன்றி சொல்லவே முடியாமல் இருக்கலாம். மிகவும் சிறியவர் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக மத்தேயு 25-இல் சொன்னவர் அதைப் பெற்றுக்கொள்கிறார்.

உதவி கேட்டால் ஊழியத்தில் தோற்றுப்போனதாக ஆகுமோ என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எண்ணிப்பாருங்கள். 1895-இல் இந்தியா வந்த அவர் 1951-இல் இங்கேயே மரித்தார். ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், கடைசிவரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் வேலையை மற்றவர்கள் கைகள் ஏற்றுக்கொண்டன. அவர் அந்த அறையிலிருந்து ஜெபித்தார், எழுதினார். அந்தக் கடைசி இருபது ஆண்டுகளை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

ஆகவே, வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் போதகரையோ, சங்கத்தில் நீங்கள் நம்பும் ஓர் அக்காவையோ பார்த்து, "ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கிழமையில் எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். சபையில் நீங்கள் சுமக்கும் மற்றப் பொறுப்புகளில் ஒன்றிரண்டைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் ஒப்படையுங்கள். தூக்கம் வராமலும் அழுகை நிற்காமலும் இருந்தால் மருத்துவரையும் பாருங்கள். எலியாவுக்கு அடை சுட்டுக்கொடுத்த தேவன் மருத்துவரைக் கொண்டும் உங்களைத் தேற்றுவார்.