ஓரத்தில் தட்டினால் தடி எப்படிச் சுழலும்?

கேள்வி: கணினி விளையாட்டு ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். விண்வெளியில் மிதக்கும் தடியை ஒரு முனையில் தட்டினால் அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல வேண்டும்? தட்டிய விசையில் நகர்வுக்கு எவ்வளவு, சுழற்சிக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: பிரிக்கவே கூடாது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். விசை எந்த இடத்தில் பட்டாலும், நிறை மையம் (சீரான தடியில் அதன் நடுப்புள்ளி) முழு விசையும் தன்மேல் பட்டதுபோலவே நகரும். சுழற்சி அதற்கு மேல் கூடுதலாகச் சேர்வது.

1 மீட்டர் நீளம், 1.2 கிலோ நிறையுள்ள சீரான தடியை எடுத்துக்கொள்வோம். அதன் நீளத்துக்குச் செங்குத்தாக 0.6 நியூட்டன் விநாடி கணத்தாக்கு (விசையை அது பட்ட நேரத்தால் பெருக்கிய அளவு) கொடுக்கிறோம். நடுவில் தட்டினாலும் முனையில் தட்டினாலும் நிறை மையத்தின் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர்தான். முனையில் தட்டினால் கூடவே விநாடிக்கு 3 ரேடியன் சுழற்சியும் வரும், அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 விநாடி.

அப்படியானால் ஆற்றல் கணக்கு உதைக்கிறதே என்று தோன்றும். நடுவில் தட்டியபோது 0.15 ஜூல், முனையில் தட்டியபோது 0.15 போக சுழற்சிக்கு மட்டும் 0.45 ஜூல். இந்தக் கூடுதல் தட்டியவரிடமிருந்தே வருகிறது. முனை சட்டென்று விலகி ஓடுவதால், அதே விசையோடு கை அதைத் துரத்திக்கொண்டு அதிகத் தூரம் போக வேண்டியிருக்கிறது. விசை அதேதான், செய்த வேலை நான்கு மடங்கு.

உங்கள் விளையாட்டில் தடியைப் பந்து வந்து மோதினால் கவனம் தேவை. தட்டப்படும் முனை, தடியின் நிறையில் கால் பங்கு மட்டுமே கொண்ட பொருள்போல, அதாவது 300 கிராம் போல, எளிதாக விலகிவிடும். அதே வேகத்தில் வரும் பந்து நடுவில் கொடுப்பதைவிட முனையில் குறைவான கணத்தாக்கைத்தான் கொடுக்கும். ஓரத்தில் அடித்தால் பொருள் குறைவாகவே நகர்கிறது என்று நமக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

சரி, எந்தப் புள்ளியைச் சுற்றி? தட்டிய நொடியில் அசையாமல் நிற்கும் புள்ளி ஒன்று உண்டு: நடுவிலிருந்து மறுமுனைப் பக்கமாக நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, இங்கே சுமார் 17 செ.மீ. ஆனால் அது அந்த நொடிக்கு மட்டும்தான். அப்புறம் நிறை மையம் நேர்கோட்டில் சீராகப் போகும், தடி அதைச் சுற்றிச் சுழலும். நிரலில் அச்சை எப்போதும் நிறை மையத்திலேயே வையுங்கள்.

கணக்கு இரண்டே வரிதான். கணத்தாக்கை நிறையால் வகுத்துத் திசைவேகத்தோடு கூட்டுங்கள். நிறை மையத்திலிருந்து தட்டிய இடத்துக்கான வெக்டரையும் கணத்தாக்கையும் குறுக்குப் பெருக்கல் (cross product) செய்து, நிலைமத் திருப்புத்திறனால் (சுழற்சி மாறுவதைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) வகுத்துக் கோணத் திசைவேகத்தோடு கூட்டுங்கள்.

தொடர்ந்து எரியும் உந்துபொறி பொருத்தினால், தடியோடு சேர்ந்து விசையின் திசையும் திரும்பும். ஒவ்வொரு சட்டகத்திலும் (frame) அதைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். முப்பரிமாணத்தில் நிலைமத் திருப்புத்திறன் ஒற்றை எண்ணாக இருக்காது, 3×3 அணியாகிவிடும். அங்கே கோண உந்தம் மாறாமல் இருந்தாலும் சுழலும் அச்சு அலையலாம். எனவே முதலில் இருபரிமாணத்தில் எழுதி, மேலே சொன்ன 0.5, 3 என்ற விடைகள் வருகின்றனவா என்று சரிபார்த்துவிட்டு முப்பரிமாணத்துக்குப் போங்கள்.