ஆன்டிட்ரஸ்ட் (வணிகப் போட்டியைக் காக்கும் சட்டம்) வழக்கறிஞர் மற்ற அரசு வழக்கறிஞர்களுக்கு என்ன கற்றுத்தருவார்?

அமெரிக்காவை வைத்துச் சொல்கிறேன். போதைப்பொருள், மோசடி வழக்குகளில் கைதேர்ந்த அரசு வழக்கறிஞருக்குக்கூட, 1890-ல் வந்த ஷெர்மன் சட்டம் என்ற ஆன்டிட்ரஸ்ட் சட்டம் அவ்வளவாகப் பழக்கமிருக்காது. அதை அவருக்குப் பழக்குவதுதான் இந்த வேலை. 2019-ல் அமெரிக்க அரசின் நீதித்துறை (Department of Justice) டெண்டர் கூட்டுச்சதிகளைப் பிடிக்கத் தனிப்படை அமைத்தபோது, பயிற்சியையும் அதன் பொறுப்பாக்கியது.

சட்டத்தைச் சொல்லித்தருவது சீக்கிரம் முடிந்துவிடும். போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை முடிவு செய்தார்கள் என்று நிரூபித்தாலே குற்றம். நியாயமான விலைதான் என்ற வாதம் எடுபடாது. நேரமெல்லாம் தடயங்களுக்குத்தான் போகும். போட்டி கம்பெனிகள் இரண்டின் டெண்டரிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். முறைவைத்து ஜெயிப்பார்கள். தோற்றவருக்கே துணை ஒப்பந்தம் போகும். ஆனால் இவை சந்தேகத்துக்கு இடம் தருபவை மட்டுமே. உடன்பாடு இருந்ததைத் தனியாக நிரூபிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பயிற்சியின் உயிரே இந்த வேறுபாட்டைப் புரியவைப்பதுதான்.

அப்புறம் சாட்சிகள். முதலில் வந்து ஒப்புக்கொண்டு, விசாரணைக்கு முழுதாக ஒத்துழைக்கும் கம்பெனி குற்றவழக்கிலிருந்து தப்பலாம். மாட்டிக்கொள்ளும் தனிநபருக்கோ 10 ஆண்டு வரை சிறை. அதனால்தான் சதிக்குள் இருந்தவர்களே முந்திக்கொண்டு பேச வருகிறார்கள்.