மகள் மைன்கிராஃப்ட் விளையாடினால் அப்பாவுக்கு ஏன் குமட்டுகிறது?

கேள்வி: என் மகள் லேப்டாப்பை 43 இன்ச் டிவியில் இணைத்து மைன்கிராஃப்ட் விளையாடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வாள். கொஞ்ச நேரத்திலேயே தலை கனத்து, நெற்றி வியர்த்து, குமட்ட ஆரம்பிக்கிறது. நானே விளையாடினால் இன்னும் கொஞ்சம் தாங்குகிறது. கிரிக்கெட் கேமில் இந்தத் தொல்லை இல்லை. சின்ன வயதில் வால்பாறை பஸ்ஸில் வாந்தி எடுத்த ஆள் நான். கண்ணில் கோளாறா, காதில் கோளாறா? அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காரலாமா? (பொள்ளாச்சி வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களைப் படுத்திய அதே விஷயம்தான் இப்போது சோபாவில் தலைகீழாக நடக்கிறது. பஸ்ஸில் உடம்பு ஆடியது, முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு ஒன்றும் அசையவில்லை. டிவி முன்னால் கண்ணுக்கு எல்லாம் ஓடுகிறது, உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்காதில் இருக்கிற மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றுக்குள் இருக்கிற திரவமும் மூளைக்குச் சொல்கின்றன. நேராகப் போவதையும் புவியீர்ப்பையும் உணர்வதற்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு உறுப்புகள் உண்டு. கண் "ஓடுகிறோம், திரும்புகிறோம், குதிக்கிறோம்" என்று சொல்லும்போது காது "அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொன்னால், அந்த முரண்பாடு குமட்டலாக வெளிவருகிறது என்பதுதான் பெரும்பாலான நிபுணர்கள் ஏற்கும் விளக்கம். 1882-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் வெளியிட்ட ஆய்வில், காது கேளாதவர்களைச் சுழற்றிப் பார்த்தபோது அவர்களில் பலருக்குத் தலைசுற்றலே வரவில்லை. உள்காது வேலை செய்யாதவர்களுக்குக் கப்பலில் போனாலும் குமட்டாது என்பது பின்னால் உறுதியானது. ஆக, உங்களுக்குக் குமட்டுகிறது என்றால் உங்கள் காது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்!

நீங்களே விளையாடும்போது ஏன் பரவாயில்லை? கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வராமல் பின் சீட்டில் இருப்பவருக்கு வருவதும் இதனால்தான். மவுஸ் கையில் இருந்தால் அடுத்து காட்சி எந்தப் பக்கம் திரும்பும் என்று மூளைக்கு முன்பே தெரியும், அதற்குத் தயாராக இருக்கும். மகள் விளையாடும்போது நீங்கள் பயணி. அதுவும் குழந்தைகள் மவுஸைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள், நடக்கும்போதே இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டேதான் போவார்கள். கிரிக்கெட்டில் கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கிறது, அதனால் பிரச்சினை இல்லை.

சரி, என்ன செய்யலாம். மாத்திரைக்கு முன்னால் செட்டிங்ஸ். முதலில் வீடியோ செட்டிங்ஸுக்குள் போய் 'வியூ பாபிங்' என்பதை ஆஃப் செய்யுங்கள். நடக்கும்போது காட்சி மேலும் கீழும் ஆடுமே, அது இதனால்தான். நிஜத்தில் நடக்கும்போது நம் தலையும் ஆடுகிறது, ஆனால் கண் அதைச் சரிக்கட்டிவிடுவதால் உலகம் ஆடுவதாகத் தெரிவதில்லை. கேமில் அந்தச் சரிக்கட்டலே கிடையாது. முதல் நபர் கேம், அதாவது பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கிற கேம், எதுவானாலும், அதன் பெயர் 'ஹெட் பாப்' என்றிருந்தாலும் 'கேமரா ஷேக்' என்றிருந்தாலும், நான் முதலில் அணைக்கச் சொல்வது இதைத்தான்.

அடுத்து அக்சசிபிலிட்டி செட்டிங்ஸ். அங்கே 'எஃப்ஓவி எஃபெக்ட்ஸ்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். எஃப்ஓவி என்றால் ஒரே நேரத்தில் திரையில் எவ்வளவு விரிவாகக் காட்சி தெரிகிறது என்பது, பாகைக் கணக்கில். மகள் வேகமாக ஓட ஆரம்பித்ததும் காட்சி சட்டென்று அகலமாகி, நின்றதும் சுருங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வில்லை இழுத்தால் பக்கத்தில் வரும், பறந்தால் விரியும். வேகத்தைக் காட்ட வைத்த அலங்காரம்தான், எடுத்துவிட்டால் விளையாட்டில் ஒன்றும் குறையாது. மைன்கிராஃப்டில் பலரைப் படுத்துவது இதுதான் என்பது என் கருத்து. அந்த ஸ்லைடரைக் கடைசி வரை இறக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் 'டிஸ்டார்ஷன் எஃபெக்ட்ஸ்' இருக்கும், நெதர் போர்ட்டலுக்குள் (கேமில் வேறொரு உலகத்துக்குப் போகும் வாசல்) நிற்கும்போது திரையே நெளிகிறதே, அதைக் குறைக்க. அதையும் இறக்குங்கள்.

இப்போது எஃப்ஓவி. இணையத்தில் யாரைக் கேட்டாலும் "எஃப்ஓவி-ஐ ஏற்று" என்பார்கள். பல கேம்களுக்கு அது சரியான யோசனைதான். 2004-ல் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமில் முதலில் இருந்த அளவு 75 பாகை, அதுவும் பக்கவாட்டுக் கணக்கு. கிட்டத்தில் உட்கார்ந்து மானிட்டரில் ஆடுகிறவர்களுக்கு அது பைனாகுலர் வழியாகப் பார்த்துக்கொண்டே நடப்பது போல இருக்கும், லேசாகத் திரும்பினாலும் படம் முழுக்க நகரும். ஆனால் மைன்கிராஃப்டில் காட்டுகிற 70 என்பது மேலிருந்து கீழான கணக்கு. அகலத் திரையில் பக்கவாட்டில் அது சுமார் 102 பாகை வந்துவிடும், அதுவே தாராளம். இதைத் தெரியாமல் ஸ்லைடரைக் கடைசி வரை, அதாவது 'குவேக் ப்ரோ' என்ற 110-க்குத் தள்ளினால் பக்கவாட்டில் 137 பாகை ஆகிவிடும். ஓரங்கள் இழுபட்டு, திரும்பும்போது அங்கே எல்லாம் பாய்ந்து போகும். ஓரப்பார்வைக்கு அசைவு சீக்கிரம் உறைக்கும் என்பதால் உங்களுக்கு இன்னும் மோசமாகலாம். 70-ல் இருந்து ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள், இரண்டு பக்கமும். எது இதமாக இருக்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.

அப்புறம் லேப்டாப் திணறுகிறதா என்று பாருங்கள். எஃப் 3 கீயை அழுத்தினால் மேலே இடது மூலையில் எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண், தெரியும். அது 60-க்குக் கீழே இறங்கி இறங்கி ஏறினால் வீடியோ செட்டிங்ஸில் 'ரெண்டர் டிஸ்டன்ஸ்' (எவ்வளவு தூரம் வரை காட்சி வரைய வேண்டும் என்ற) அளவைக் குறையுங்கள். தூரத்து மலை தெரியாமல் போவதால் உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, விட்டு விட்டு வரும் படம்தான் தலையைப் பிடிக்கும். டிவியில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள்.

இத்தனையும் செய்தும் பார்க்க முடியவில்லையா? மகளிடம் எஃப் 5 அழுத்தச் சொல்லுங்கள், சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். கேமரா அவளுடைய பொம்மையின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நடுவில் பொம்மை அசையாமல் நிற்பதால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். 2008-ல் வந்த மிரர்ஸ் எட்ஜ் என்ற ஓட்ட விளையாட்டில், இந்தக் குமட்டலுக்காகவே திரையின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்கள். மைன்கிராஃப்டில் நடுவில் இருக்கும் கூட்டல் குறிக்கும் அந்த வேலையைக் கொடுக்கலாம், காட்சியின் ஓரங்களை விட்டுவிட்டு அதையே பாருங்கள். அறை விளக்கைப் போட்டு வையுங்கள், சோபாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். 43 இன்ச் டிவியை இரண்டரை மீட்டரில் இருந்து பார்த்தால் உங்கள் பார்வையில் 21, 22 பாகைதான் அடைக்கும், சுற்றியிருக்கும் சுவரும் ஜன்னலும் அசையாமல் கண்ணில் படும். விளக்கை அணைத்துவிட்டு ஒரு மீட்டரில் உட்கார்ந்தால் அந்த உதவி போய்விடும்.

"பழகினால் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மை. பழகும், ஆனால் குமட்டலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதால் பழகாது. கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் அப்போதே எழுந்து வெளியே போய்த் தூரத்தில் எதையாவது பாருங்கள். முழுதாகத் தெளியும் வரை திரும்ப உட்காராதீர்கள். தாங்கித் தாங்கிப் பார்த்தால், கேமின் இசையைக் கேட்டாலே குமட்டுகிற நிலைக்கு உடம்பு வந்துவிடலாம். கொஞ்ச நேரம், அடிக்கடி, குமட்டல் வருவதற்கு முன் நிறுத்துவது, இப்படிப் போனால் வாரக்கணக்கில் தாங்கும் நேரம் கூடும். பலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் கூடுவதில்லை. ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு இது பொதுவாகவே அதிகம்.

அவோமின் விஷயம். அதில் இருப்பது ப்ரோமெதசின், நன்றாகத் தூக்கம் வரும், குமட்டல் வந்தபின் போட்டால் பெரிதாகப் பலனும் இருக்காது. மலைப்பயணத்துக்கு டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு மாத்திரை போடுவது வேறு, தினமும் சாயங்காலம் கேம் பார்க்க என்று போடுவது வேறு. அதைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கவும் கூடாது. இஞ்சி டீ குடித்துப் பாருங்கள், ஆய்வு முடிவுகள் முன்னும் பின்னுமாக இருந்தாலும் கெடுதல் இல்லை.

டிவி முன்னால் இல்லாதபோதும் சுற்றினால், படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால், ஒரு காதில் இரைச்சல் வந்தாலோ கேட்பது மந்தமானாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, இது கேம் சமாச்சாரம் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டரையோ கண் டாக்டரையோ போய்ப் பாருங்கள். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, திடீரென்று தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றோடு தலைசுற்றல் வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.