முதல் பந்தய ரிமோட் கார்: டிராக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: நானும் என் மகனும் மின்சார ரிமோட் கார் பந்தயத்தில் இறங்கப் போகிறோம். 1/10 அளவு டூரிங் கார், அதாவது சமதரையில் ஓடும் சாலைக் கார் வகை, என்பது வரை முடிவாகிவிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்று விளம்பரம் செய்யும் புதிய கார் ஒன்று கண்ணில் பட்டது, பெட்டியைத் திறந்ததுமே ஓட்டலாமாம். கார்பன் சேஸிஸ் (அடிச்சட்டம்) உள்ள பழைய பந்தயக் கார் ஒன்றும் கைமாற்றாகக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையுமே இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் டிராக்குக்குப் பந்தயம் நடக்கும் நாளில் ஒருமுறை வெறுங்கையோடு போய் வாருங்கள். எந்தப் பிரிவில் ஆட்கள் அதிகம், என்ன மோட்டார், என்ன டயர், எந்த பேட்டரிக்கு அனுமதி என்று கேளுங்கள். கார் எது என்பது அதற்கப்புறம்தான்.

விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலும் பெரிய மோட்டாரிலும் வருவது. டூரிங் பந்தயங்களில் வழக்கம் 2 செல், அதாவது 7.4 வோல்ட். புதியவர்களுக்கான பிரிவுகளில் சாதாரண 540 பிரஷ் மோட்டாரோ, 21.5 அல்லது 17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டாரோ இருக்கும். டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை, அது குறையக் குறைய வேகம் கூடும். பல இடங்களில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரில் டைமிங் என்ற அமைப்பைக் கூட்டி வேகம் ஏற்றவும் கூடாது. பந்தயக்காரர்கள் இதை பிளிங்க்கி என்பார்கள். ஆக, அந்த 80 கிலோமீட்டர் கார் பந்தயத்தில் சேரவே முடியாமல் போகலாம்.

அடுத்தது உதிரி பாகம். நான் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். புதிதாக ஓட்டுபவரின் கார் சுவரில் மோதும், மோதியே தீரும். முதலில் உடைவது பெரும்பாலும் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை. அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு கைவசம் இல்லாவிட்டால் அன்றைய பந்தயம் அதோடு முடிந்தது. டிராக்கில் பலரும் ஓட்டும் கார் என்றால் பக்கத்து மேசையிலேயே கடன் கிடைக்கும், மாட்டிக் காட்டவும் ஆள் இருப்பார்.

ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால், டமியா டிடி-02 (Tamiya TT-02). தொட்டி போன்ற பிளாஸ்டிக் சேஸிஸ், நான்கு சக்கரத்துக்கும் ஷாஃப்ட் வழியாக இழுவை, பல்சக்கரங்கள் மூடிக்குள். தார்த்தரையில் தூசியும் பொடிக்கல்லும் எளிதில் உள்ளே போகாது. ஷாஃப்டுக்குப் பதில் பெல்ட்டால் இழுக்கும் காரில் ஒரு சிறு கல் சிக்கினாலே பெல்ட்டின் பல் போய்விடலாம். குறையும் உண்டு. அடிப்படை கிட்டில் (நாமே பூட்டும் பாகத் தொகுப்பில்) பால் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ்தான் வரும், அதிர்வு தாங்கும் ஷாக்கில் எண்ணெய் இருக்காது. பேரிங் செட்டைக் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், பூட்டும்போதே போட்டுவிடலாம். பின்னால் மாற்றுவதென்றால் பாதி காரைப் பிரிக்க வேண்டும். எண்ணெய் ஷாக் உள்ள வகைகளும் இருக்கின்றன. பெட்டிக்குப் பெட்டி உள்ளடக்கம் மாறும், மோட்டாரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

பூட்டிய காரைவிட நீங்களே பூட்டும் கிட் நல்லது. மகனோடு உட்கார்ந்து பூட்டுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கே போகிறது என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த ஓட்டத்துக்குள் உடைந்ததை அவனே மாற்றிவிடுவான்.

காரில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரிலும் எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரிலும் போடுங்கள். கார் மாறினாலும் அவை உங்களோடு இருக்கும்.

கேள்வி: அப்படியானால் அந்தக் கார்பன் கார் வேண்டவே வேண்டாமா?

பதில்: அதே காரை உங்கள் டிராக்கில் இன்றும் யாராவது ஓட்டினால், பாகம் கிடைத்தால், வாங்கலாம். ஆனால் நேரில் பாருங்கள். பல்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு பின்சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் வழுவழுவென்று சுற்ற வேண்டும். நறநறவென்றால், இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் தேய்ந்திருக்கலாம். அடித்தட்டின் ஓரங்களில் கார்பன் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்க்ரூக்களின் தலை மழுங்கியிருந்தாலும் யோசியுங்கள், கழற்றவே முடியாமல் போகும்.

கேள்வி: லிப்போ பேட்டரி தீப்பிடிக்கும் என்கிறார்களே, வீட்டில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், கவனம் வேண்டும். கெட்டியான உறை உள்ளதையே வாங்குங்கள், பல பந்தயங்களில் அது கட்டாயமும்கூட. 5000 எம்ஏஎச் பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம், ஓட்டும்போதும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் சார்ஜரில் ஸ்டோரேஜ் என்ற தேர்வு இருக்கும், அது செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் நிறுத்தும். சார்ஜ் ஏறும்போது தீத்தாங்கும் பையில் வைத்து, ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும், தூங்கும்போது கூடவே கூடாது. உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு ஓட்டத்துக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பையன் எவ்வளவு கேட்டாலும் சரி.