டீச்சர் வெட்டிய சொல்

வணக்கம் சேர்,

பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறேன். ஆங்கிலக் கட்டுரையில் ‘கடின உழைப்பின் ஆஃப்டர்மாத் வெற்றி’ என்று எழுதினேன். டீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். அகராதியில் ‘பின்விளைவு’ என்றுதானே இருக்கிறது? இந்த ‘மாத்’துக்கும் கணக்குக்கும் சம்பந்தம் உண்டா?

அன்புள்ள மகளுக்கு,

டீச்சர் பக்கம்தான் நியாயம். ‘உழைப்பின் பின்விளைவு வெற்றி’ என்று தமிழில் எழுதிப் பார், உன் காதே வெட்டிவிடும். மருந்துக்குத்தான் பின்விளைவு, குடிக்குத்தான் பின்விளைவு.

கணக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘மாத்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் புல் அறுப்பு. ஒருமுறை அறுத்த புல் அதே அடியிலிருந்து மறுபடி தழைக்குமே, அதைத்தான் 16ஆம் நூற்றாண்டில் ஆஃப்டர்மாத் என்றார்கள். நெல்லில் மறுதாம்பு என்பார்கள், கிட்டத்தட்ட அதுதான். நீ வயலைப் பார்த்திராவிட்டாலும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பாய். முதல் சில வாரம் வெறும் குச்சி, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள் கணுவுக்குக் கணு மொட்டு விட்டிருக்கும்.

பிறகு வந்தவர்கள் புல்லை மறந்துவிட்டு அறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். போர், வெள்ளம், மண்சரிவு என்று எது வாரிக்கொண்டு போனாலும், அதற்குப் பிந்திய காலம் ஆஃப்டர்மாத் ஆனது. காலம் என்பதைக் கவனி. படிக்காமல் பெயிலானால் அது வெறும் ‘கான்சிக்வென்ஸ்’. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. சரிவு அன்றைக்கே முடிந்தது. தப்பியவர்கள் பாடசாலையிலும் தொழிற்சாலைக் கட்டடத்திலும் ஒண்டிக்கொண்டு வீட்டுக்காகக் காத்திருந்தார்களே, அந்த நாட்கள் அத்தனையும் ஆஃப்டர்மாத்.

பழைய அர்த்தமும் புதிய அர்த்தமும் ஒன்றாகப் பொருந்துகிற இடம் ஒன்று நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. 1869இல் இலங்கையில் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கொஞ்ச வருடங்களில் தோட்டம் தோட்டமாகக் கோப்பி அழிந்தது. நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்னரே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன மலைகளில் அந்தத் தேயிலைதான் ஏறியது. கோப்பி அழிவின் ஆஃப்டர்மாத் தேயிலை என்று நீ எழுதியிருந்தால் டீச்சர் பேனையைக் கீழே வைத்திருப்பார்.

உன் கட்டுரைக்கு ‘ரிசல்ட்’ போதும். வெட்டிய புள்ளியை மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதே.