கம்பெனிப் பாசம் எதுவரை?

கம்பெனியே கதி என்று மகள் கிடக்கிறாள், யாராவது அதைக் குறை சொன்னால் வீட்டிலேயே சண்டைக்கு வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்வதை விடுங்கள், முதல் வேலையில் பலர் அப்படித்தான். அந்தச் சண்டைதான் எனக்கு உறுத்துகிறது.

கம்பெனியைச் சொன்னால் தன்னையே சொன்னதுபோல் சுருக்கென்று தைக்கிறவர்களுக்கு, உள்ளே நடக்கும் தப்பு சட்டென்று கண்ணில் படாது. பட்டாலும் 'நம்ம கம்பெனிக்குத்தானே' என்று மறைக்கத் தோன்றும். 2010-இல் எலிசபெத் அம்ஃப்ரெஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: நிறுவனத்தோடு அதிகம் ஒன்றிப்போனவர்கள், 'செய்த உதவிக்குத் திருப்பிச் செய்தே ஆகணும்' என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், அதற்காக முறைகேடு செய்யவும் கூடுதலாகத் துணிகிறார்கள். பெரிய மோசடி என்றில்லை. பொருளில் இருக்கும் ஒரு குறையை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விடுவது, அறிக்கையில் ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டுவது. நாளைக்கு விசாரணை வந்தால் அதில் இருப்பது உங்கள் மகளின் கையெழுத்து.

அப்புறம் பணம். அமெரிக்காவின் என்ரான் என்ற எரிசக்தி கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானபோது ஊழியர்களுக்கு வேலை மட்டும் போகவில்லை, ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் அதே கம்பெனிப் பங்கில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. அந்தச் சேமிப்புக்குக் கம்பெனி தன் தரப்பில் கொடுத்த பங்குகளை விற்கக் கட்டுப்பாடு இருந்தது உண்மைதான், ஆனால் சொந்தக் காசையும் அதிலேயே போட்டவர்கள் நிறைய. மகளிடம் கம்பெனிப் பங்கு இருந்தால் எவ்வளவு என்று கேட்டுவையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? 'உன் கம்பெனி உனக்கு என்ன கிழித்தது' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஈடுபாடு கெட்டதும் இல்லை, அதுதான் அவளை வேலையில் நன்றாக வைத்திருக்கிறது. இந்த வருடம் கற்றதில் வேறு இடத்திலும் செல்லுபடியாவது எது என்று கேளுங்கள். பதில் வரத் திணறினால் அதுதான் கவனிக்க வேண்டிய இடம், ஏனென்றால் ஒரே கம்பெனியின் மென்பொருளும் நடைமுறையும் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஆட்குறைப்பு வரும்போது ரொம்பக் கஷ்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெஸ்யூமேவைப் புதுப்பிக்கட்டும். மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு நேர்காணலுக்காவது போய்வரட்டும், தன் சம்பளம் சந்தையில் எங்கே நிற்கிறது என்று தெரியும். இப்படி ஒட்டிக்கொண்டவர்கள் பலர் சம்பள உயர்வு கேட்கவே கூச்சப்படுவார்கள்.

அவளே பேச முன்வந்தால் ரெஸ்யூமேவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.