காசு கட்டினால்தான் காசு வரும் என்றால் அது வேலை அல்ல

கேள்வி:

அக்கா, நான் தருமபுரம் பக்கம். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூன்று வயது. கணவர் மேசன் வேலை. வேலை இருக்கிற நாளில்தான் காசு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகலாம் என்றால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தே ஒரு நாளைக்கு 5,000 ரூபா உழைக்கலாம் என்று. யூரியூப் வீடியோக்களுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினேன். 1,200 ரூபா உண்மையாகவே என் வங்கிக் கணக்குக்கு வந்தது. பிறகு ரெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். 10,000 கட்டினேன், 13,000 திரும்பி வந்தது. அந்த நம்பிக்கையில் தோட்டை அடைவு வைத்து 45,000 கட்டினேன். இப்போது 96,000 ரூபா இருப்பதாக அவர்களுடைய செயலியில் காட்டுகிறது. ஆனால் எடுப்பதற்கு முதல் 'வரி' 38,000 கட்ட வேண்டுமாம். கட்ட வழியில்லை என்றேன். அப்படியென்றால் என் வங்கிக் கணக்குக்கு வேறு ஆட்களின் காசு வரும், அதை அவர்கள் சொல்கிற கணக்குக்கு மாற்றிவிட்டால் நூற்றுக்கு 3 ரூபா எனக்கு, வரியையும் அதில் கழிக்கலாம் என்கிறார்கள். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். மச்சாளையும் இதில் சேர்த்துவிட்டேன். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இது உண்மையான வேலையா? வீட்டிலிருந்து செய்கிற வேலை எல்லாமே பொய்யா?

பதில்:

தங்கச்சி, முதலில் இரண்டு விஷயம். அந்த 38,000ஐக் கட்டாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

செயலியில் தெரிகிற 96,000 உங்களுடைய காசு இல்லை. அது அவர்களே எழுதிக் காட்டுகிற ஓர் இலக்கம். நாளைக்கு அதையே ஒன்பது இலட்சமாகவும் எழுதுவார்கள். உண்மையான கணக்கு உங்கள் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது 55,000. உங்களுக்கு வந்தது 14,200. போனது 40,800 ரூபா. கூலிக் குடும்பம் ஒன்றுக்கு இது எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும். 38,000 கட்டினால் நட்டம் 78,800 ஆகும், அதோடும் நிற்காது. வரிக்குப் பிறகு 'சரிபார்ப்புக் கட்டணம்', அதற்குப் பிறகு 'கணக்கு திறக்கும் கட்டணம்' என்று வந்துகொண்டே இருக்கும்.

வரி என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் பயந்திருக்கிறீர்கள். வருமான வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவது. எவனோ ஒருவனின் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு முற்பணமாகக் கட்டுவது இல்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வரி விலக்கும் இருக்கிறது. 96,000 ரூபாவுக்கு 38,000 வரி கேட்கிற சட்டம் இந்த நாட்டில் இல்லை.

சரி, முதலில் 1,200 வந்ததே, 10,000 கட்ட 13,000 வந்ததே என்று கேட்பீர்கள். இரணைமடுக் குளத்தில் தூண்டில் போடுகிறவனும் புழுவைத் தன் கையால்தானே கொடுக்கிறான். ஆனால் அந்தப் புழுவை அவர்கள் சொந்தக் காசில் வாங்குவதில்லை. உங்கள் வங்கிக் கணக்கு விபரத்தை எடுத்து, 13,000 அனுப்பியவர் யார், நீங்கள் கட்டிய 45,000 யாருக்குப் போனது என்று பாருங்கள். கம்பனிப் பெயர் இருக்காது. தனி ஆட்களின் பெயர்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர். அந்த ஆட்கள் பலர் உங்களைப் போலவே 'கணக்கைத் தா, நூற்றுக்கு 3 தருகிறோம்' என்று கேட்கப்பட்டவர்களாக இருக்கலாம். இப்போது உங்களிடம் கேட்பதும் அதையேதான். உங்கள் கணக்குக்கு வரப்போகிற காசு இன்னொரு வீட்டில் அடைவு வைத்த தோட்டின் காசு.

சட்டம் இந்த இடத்தில் மிகவும் கடுமையானது. ஏமாற்றிப் பிறரின் சொத்தைக் கொடுக்கச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின்படி 7 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குற்றத்தால் வந்த காசு என்று தெரிந்தோ, அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தோ அதைக் கைமாற்றினால், 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் வரும். அதில் 5 முதல் 20 வருடம் வரை சிறை விதிக்கலாம். ரெலிகிராமில் 'மெனேஜர் மடம்' என்று கதைக்கிற ஆளின் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கணக்குச் சொந்தக்காரியின் பெயரும் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் வங்கியில் இருக்கிறது. முறைப்பாடு போனதும் பொலிஸார் முதலில் வருகிற வீடு அந்தக் கணக்குச் சொந்தக்காரியின் வீடுதான். கணக்கும் முடங்கும். கணவரின் கூலியும் அதே கணக்குக்கு வந்தால் அதையும் எடுக்க முடியாது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது ஒரு தடவைக்குத்தான் பொருந்தும். இந்தப் பதிலை வாசித்த பிறகு உங்களால் அதைச் சொல்ல முடியாது, தங்கச்சி.

மச்சாள் விஷயமும் இப்படித்தான். நீங்கள் அவரைச் சேர்த்தபோது நல்லது என்று நம்பித்தான் சேர்த்தீர்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லாத இடத்தில் மோசடிக் குற்றம் இல்லை. ஆனால் இன்றைக்கு உண்மை தெரிந்துவிட்டது. இனிச் சொல்லாமல் விட்டால் கதை மாறும். இன்றைக்கே அவருக்கு போன் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. வீட்டிலிருந்து செய்கிற வேலை எல்லாம் பொய் இல்லை. எங்களுடைய வன்னிப் பிள்ளைகள் கணக்குப் பதிவு, மொழிபெயர்ப்பு, படம் வடிவமைப்பு என்று வீட்டிலிருந்தே செய்து உழைக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாத தாய்மாருக்கு இப்படியான வேலை கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறவள் நான். அதனால்தான் அந்தத் தேவையில் கை வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வேலை உண்மையா என்று பார்க்க முதல் கேள்வி: காசு எந்தப் பக்கம் ஓடுகிறது? வேலை என்றால் உங்கள் உழைப்பு அங்கே போகும், காசு இங்கே வரும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்பு, காப்புப் பணம் என்று எந்தப் பெயரில் காசு உங்களிடமிருந்து அங்கே போனாலும் நின்றுவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் வேலை கொடுப்பவரையும் சேர்க்கிற ஃபைவர் போன்ற இணையத்தளங்களும் தரகுக் காசு எடுக்கின்றன, ஃபைவர் நூற்றுக்கு 20. ஆனால் நீங்கள் உழைத்த காசில்தான் கழிக்கிறார்கள், முதலே கட்டச் சொல்வதில்லை.

அடுத்தது, அந்த வேலையால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று யோசியுங்கள். லைக் போடுவதற்கு ஒரு நாளைக்கு 5,000 என்றால் மாதத்தில் 25 நாளுக்கு 125,000. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 30,000 ரூபா. முதுகு முறிய நின்று தைக்கிற பிள்ளைக்குக் கிடைக்காத காசை, விரலால் தட்டுகிறதற்கு எந்தக் கம்பனி கொடுக்கும்? காசு கொடுத்து லைக் சேர்ப்பதை யூரியூப்பே தடைசெய்திருக்கிறது. அதனால் 'யூரியூப் தருகிற வேலை' என்பது தொடக்கத்திலேயே பொய்.

மூன்றாவது, ஆள் யார்? இலங்கையில் பதிந்த கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தனியார் கம்பனிகளின் பதிவிலக்கம் பி.வி. என்று தொடங்கும். ஒரு கவனம்: மோசடிக்காரர் உண்மையான கம்பனியின் பெயரையும் சின்னத்தையும் எடுத்துப் போடுவார்கள். அதனால் பதிவு இருக்கிறது என்பதோடு நிற்க வேண்டாம். அந்தக் கம்பனியின் போன் இலக்கத்தை நீங்களாகத் தேடி எடுத்து, 'இப்படி ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா' என்று கேளுங்கள். மோசடிக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்புகிற இலக்கத்துக்கு எடுத்தால் அவர்களே 'ஓம்' என்பார்கள்.

உள்ளூர்க் கம்பனி உங்களை ஊழியராக எடுக்கிறது என்றால் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 முதலாளி கட்ட வேண்டும், 8 நீங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3. நேர்முகத்தில் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உண்மையான முதலாளி பதில் சொல்வார். 'அதெல்லாம் பிறகு பார்க்கலாம், இன்னும் இரண்டு இடம்தான் மிச்சம், பத்து நிமிடத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் காசு, அந்த ஆள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் மேலும் காசு என்றால் அது வங்கிச் சட்டம் தடைசெய்திருக்கிற பிரமிட் திட்டம். அதை நடத்துவது மட்டுமல்ல, தெரிந்துகொண்டு பரப்புவதும் குற்றம்.

ரைப்பிங் வேலை என்று சொல்லி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கி, பிறகு 'பிழை விட்டாய், இரண்டு இலட்சம் நட்டஈடு கட்டு, இல்லாவிட்டால் பொலிஸ் வரும்' என்று வெருட்டுவதும் இப்போது நடக்கிறது. ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விஷயம், அதற்காகப் பொலிஸார் கைதுசெய்ய முடியாது. நீதிமன்ற அழைப்பாணை வட்ஸ்அப்பில் வராது. ஏமாற்றி வாங்கிய ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம், குழுவை விட்டு உடனே வெளியேறவும் வேண்டாம். ரெலிகிராமில் மற்றப் பக்கத்தார் செய்திகளை உங்கள் போனிலிருந்தும் அழிக்க முடியும். அதனால் முதல் வேலை, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுப்பது. அவர்களுடைய போன் இலக்கம், ரெலிகிராம் பெயர், காசு கட்டச் சொன்ன கணக்கு இலக்கங்கள், செயலியின் முகப்பு எல்லாம் திகதி தெரிகிற மாதிரி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இப்படியான மின்செய்திகளைச் சான்றாக ஏற்க வழி செய்கிறது. எடுத்த படங்களை நம்பிக்கையான ஒருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

பிறகு வங்கிக்குப் போங்கள். 45,000 போன திகதி, நேரம், கொடுக்கல் இலக்கம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, அந்தக் கணக்கு இருக்கிற வங்கிக்கு உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள். காசு பெரும்பாலும் அன்றைக்கே எடுபட்டிருக்கும், முழுவதும் திரும்பி வரும் என்று நான் பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது என்ற நூல் அங்கிருந்துதான் தொடங்கும். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஓரிபி இலக்கம் (வங்கி போனுக்கு அனுப்புகிற, ஒரு தடவை மட்டும் பாவிக்கிற இரகசிய இலக்கம்) ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் வங்கிக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது பொலிஸ் நிலையம். பயப்பட வேண்டாம். முறைப்பாடு கொடுக்கக் காசு கட்டத் தேவையில்லை. நீங்கள் சொல்வதை எழுதி, வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. எனவே தமிழில் எழுதச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. முறைப்பாட்டில் ஒரு வசனம் மாறி எழுதப்பட்டால் வழக்கே வேறு பக்கம் போய்விடும். அடையாள அட்டைப் படம் கொடுத்ததையும், கணக்கைக் கேட்டதையும், நீங்கள் மறுத்ததையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் யாராவது சிம் எடுத்தாலோ கணக்குத் திறந்தாலோ இந்த முறைப்பாடுதான் உங்களுக்குக் காவல். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வாருங்கள். செயலியையும் போலிப் பக்கங்களையும் பற்றி இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று இதை விட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. இன்னுமொன்று, சில நாளில் யாராவது 'நான் சைபர் பிரிவு, போன காசை எடுத்துத் தருகிறேன், கட்டணம் இவ்வளவு' என்று வருவார்கள். உங்கள் இலக்கம் அதே கூட்டத்திடம் இருப்பதால்தான் அந்த அழைப்பு வரும்.

கணவரிடம் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுத்தில் அந்தப் பயம் தெரிகிறது. பொலிஸ் நிலையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேறு ஆளின் வாயால் கேட்பதை விட உங்கள் வாயால் கேட்பது அவருக்கும் நல்லது. நீங்கள் களவெடுக்கவில்லை, வீட்டுக்கு உழைக்கப் போய் ஏமாந்தீர்கள்.

தோட்டின் அடைவுத் துண்டையும் படம் எடுத்து முறைப்பாட்டோடு சேருங்கள். அடைவு வைத்த திகதியும் 45,000 கட்டிய திகதியும் ஒன்றாக வந்தால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட அதுவே போதும். மீட்க வேண்டிய கடைசித் திகதியைத் துண்டில் பார்த்துக் கலண்டரில் எழுதி வையுங்கள். தோட்டை மீட்க நுண்கடன்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வட்டியை மட்டும் கட்டி அடைவைப் புதுப்பிக்க முடியுமா என்று அடைவு வைத்த இடத்திலேயே முதலில் கேளுங்கள்.